பழுகாமத்து மாமாவுக்கு இரத்தம் ஏறின கதை

ஆஸ்பத்திரி வாட்டில் சாப்பாடு கொடுப்பவளுக்குச் சம்பளம் சோறு வைக்கத்தான். ஏச்சு வாங்குவது இலவசம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "ஒரு வாய் சாப்பிடுங்க" என்று கெஞ்சிக் களைத்தவர்களே, நீங்களும் நானும் ஒரே சாதி. பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனையில் கோட்டை விட்டு, சுனாமிக்கு அடுத்த வருசம், நெஞ்சு வருத்தக்காரரின் வாட்டில் இந்த வேலைக்கு வந்தேன்.

குளிசை

பழுகாமம் என்ற ஊரிலிருந்து வந்த வயசாளியை வாட்டில் எல்லாரும் பழுகாமத்து மாமா என்போம். அவருக்கு மாரடைப்பு. உடம்பில் இரத்தமும் குறைவு. "அடிபட்ட இதயம். அதுக்கு வேண்டிய காற்றைக் கொண்டுபோக இரத்தமும் காணாது. இரத்தம் கூடாட்டி ஆள் தப்புறது கஷ்டம்" என்று டொக்டர் சொல்ல, அவருடைய மனைவி, மாமி, அழுதார். மாமாவோ குளிசையைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார். நான் கண்டு நேர்ஸ் மிஸ்ஸியிடம் சொல்லிக் கொடுத்தேன். "அது இரத்தத்தை மெலிசாக்கிற குளிசை, கட்டாயம் போடணும்" என்றார் மிஸ்ஸி. மாமா என்னை முறைத்துக்கொண்டே சொன்னார்: "இருக்கிறதே ஒரு சிரட்டை இரத்தம். அதுலயும் தண்ணி ஊத்தப் போறீங்களா?"

பிளேன்டீ

சோறு தின்ற கையோடு அவருக்குப் பிளேன்டீ வேண்டும். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தைத் தேயிலை உடம்பில் சேரவிடாதாம். கோப்பையைப் பறித்தேன். "காலம் முழுக்க மண்வெட்டி பிடிச்சவன் நான். எனக்கு இரும்பு காணாதாமா?"

மீன்

தட்டில் மீன் மட்டும் அப்படியே திரும்பி வரும். எனக்குப் பொறுமை கிடையாது. "தின்னாட்டிச் செத்துப் போவீங்க மாமா" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "கடற்கரையில கட்டிக் குடுத்த என்ட மகளக் கடல் கொண்டு போயிற்று, புள்ள. உடம்பும் கிடைக்கல்ல. இந்த மீன் என்னத்தத் தின்டு வளர்ந்ததெண்டு எனக்குத் தெரியாது."

ஈரல்

அதற்குப் பிறகு அவருடைய தட்டில் நான் மீன் வைக்கவில்லை. மீனுக்குப் பதில் என்ன கொடுக்கலாம் என்று மிஸ்ஸியைக் கேட்டு, மாமியிடம் சொன்னேன். கோழி ஈரலும் முருங்கையிலை வதக்கின சுண்டலும் வீட்டிலிருந்து வந்தன, உப்பில்லாமல். இரத்தமும் ஏற்றினார்கள், சொட்டுச் சொட்டாக; அவசரப்பட்டால் அந்த இதயம் தாங்காதாம். மெல்ல மெல்ல மூச்சிரைப்பு அடங்கியது. "இனிப் பயமில்லை" என்று டொக்டர் மாமியிடம் சொல்லிக்கொண்டிருக்க, மாமா தட்டை என் பக்கம் தள்ளினார்: "இரத்தம் ஏத்தினீங்க, நல்லம். இந்த ஈரலுக்கு உப்பு ஏத்த ஒருத்தரும் இல்லையா, புள்ள?"

இரத்தம் ஏறின மனுசருக்குப் பலம் முதலில் வருவது காலுக்கு இல்லை, வாய்க்கு.