நூறு, அறுபது, நூறு, அறுபது

பிள்ளைகளா, பெரியப்பா வீட்டுக்கு ஏன் இப்போதெல்லாம் போவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அம்மா எதையாவது சொல்லிச் சமாளிக்கிறாள். நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம். எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கப் பார்க்கிறது.

தாத்தா விட்டுப்போன நிலம் இரண்டு துண்டு. ஒன்று கிணற்றை ஒட்டி, இன்னொன்று ஓடையை ஒட்டி. ஆளுக்குப் பாதி என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சர்வேயரைக் கூப்பிடலாம் என்று நான்தான் சொன்னேன். என் தாய்மாமா சிரித்தார். அண்ணன் தம்பிக்குள் சர்வேயரா என்றார். நம் பக்கம் அப்படித்தான், கூப்பிட்டால் கூடப்பிறந்தவனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அவரே டேப் கொண்டுவந்தார். நுனியை நான் பிடித்தேன். கிணற்றுத் துண்டு, சுற்றிவர நூறு அடி, அறுபது, நூறு, அறுபது. ஓடைத் துண்டிலும் ஒரு வரப்பைத் தள்ளிப் போட்டு அதே அளவுக்குக் கொண்டுவந்தார்.

கிணற்றுத் துண்டு பெட்டி மாதிரி நேராக இருக்கும். ஓடைத் துண்டு ஓடை போன வாக்கில் சாய்ந்து கிடக்கும். அந்தச் சாய்வை எல்லாரும் பார்த்தோம்.

"சாஞ்சா என்ன மாப்ள, நாலு பக்கமும் ஒண்ணுதானே" என்றார் மாமா. நானும் தலையாட்டினேன். ஓடைத் துண்டு எனக்கு. பத்திரம் பிறகு பதியலாம், முதலில் வெள்ளாமையைப் பாருங்கள் என்றார்கள்.

கத்தரி போட அண்ணனும் நானும் ஒன்றாகச் செம்பட்டி போய்ச் சொட்டுநீர் டியூப் வாங்கினோம். இரண்டடிக்கு ஒரு வரிசை, ஆளுக்கு முப்பது. அவருக்கு முப்பதும் சரியாக உட்கார்ந்தது. எனக்கு இருபத்தைந்திலேயே வரப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு டியூபும் நூறடிக்கு நீளமாகத்தான் கிடந்தது. ஆனால் ஐந்து டியூப் கையில் மிச்சம். எண்ணினேன், திரும்ப எண்ணினேன். ஒன்றும் விளங்கவில்லை.

பெரியவளே, நீதான் உன் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை விரித்துக் காட்டினாய். செவ்வகம், பக்கத்திலேயே இணைகரம். சாய்ந்த பக்கத்தை அளக்கக் கூடாதுப்பா, நேர் உயரத்தைத்தான் அளக்கணும் என்றாய். என் துண்டின் நேர் உயரம் ஐம்பதுதான். ஆயிரம் சதுர அடி காற்றோடு போயிருந்தது.

அதே எட்டாவது வரை நானும் படித்தவன்தான். அது போகட்டும். நம் ஆட்டுப்பட்டிப் படல் யார் கட்டியது? நான். நாலு கம்பை மட்டும் கட்டினால் சாய்ந்து நசுங்கிவிடும் என்று மூலைக்கு மூலை குறுக்குக் கம்பு வைத்தது யார்? கம்பின் நீளம் குறையாமலே படல் ஒடுங்கும் என்பது என் கைக்குத் தெரியும். வரப்பில் நின்றபோது அந்தக் கை டேப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது. அதை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

அண்ணனிடம் போனேன். ஐந்து வரிசைக்கும் ஈடு தரவேண்டாம், பாதி பாதியாக வர இரண்டரை வரிசை அளவுக்கு விட்டால் போதும் என்று பொறுமையாகத்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"ஏலே, டேப்பு நுனிய நீதானடா பிடிச்ச? அப்ப கண்ணு எங்க போச்சு?"

மாமா அங்கேதான் இருந்தார். எட்டாம் கிளாஸ் பிள்ளை சொன்னதை நம்பி, நாற்பது வருசமா நிலம் அளந்த தன்னை மடக்க வந்துவிட்டதாகக் கேலி பேசினார். மூலைக்கு மூலை ஒரு தடவை அளந்து பாருங்கள் மாமா, நேர் பெட்டியாக இருந்தால் குறுக்களவு இரண்டும் ஒன்றாக வரும், அம்புட்டுதான் கேட்கிறேன் என்றேன். மூலைக்கு மூலை அளந்து எவனும் நிலம் வாங்கியதில்லை என்றார். அண்ணி வந்து அண்ணன் சோற்றுக்கு வெஞ்சனம் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"பத்திரத்துல கையெழுத்துப் போட மாட்டேன்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்கு வந்தவன்தான்.

பெரியவளே, சர்வேயருக்கு மனு எழுதித் தரச் சொல்லி இந்த வாரம் உன்னிடம் கேட்பேன். அவர் வந்து அளக்கட்டும். சந்தேகப்பட்டதாக ஆனால் ஆகட்டும்.

அன்று வீட்டுக்கு வராமல் நேரே ஓடைத் துண்டுக்குப் போனேன். மோட்டார் ரூமில் கிடந்த டேப்பை எடுத்தேன். நுனியைப் பிடிக்க ஆள் இல்லை. ஒரு கல்லை வைத்து அமுக்கிவிட்டு, கத்தரிச் செடிகளுக்கு நடுவே மூலைக்கு மூலை இழுத்தேன். ஒரு பக்கம் நூற்று நாற்பத்திரண்டு அடி, மறுபக்கம் எண்பத்து நான்கு. இரண்டையும் மோட்டார் ரூம் சுவரில் கரியால் எழுதிவிட்டு, டேப்பைத் துடைத்துச் சுற்றி வைத்தேன்.