கற்பூரத்தின் மேல் பழி

பல வருடம் காத்திருந்து வாங்கிய ஸ்கூட்டருக்கு ஆயுத பூஜையன்று மாலை போட்டுக் கற்பூரம் காட்டினேன். கற்பூரத் தட்டைச் சக்கரத்தருகே கொண்டுபோனதும் வண்டி குப்பென்று தீப்பிடித்தது. என் கணவர் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார். என் புடவைத் தலைப்பு கருகியதோடு போயிற்று. பெட்ரோல் டியூப் கசிந்திருக்கிறது.

விடுமுறை முடிந்ததும், வண்டியைத் தள்ளிக்கொண்டு தாம்பரத்தில் அதை வாங்கிய கடைக்கே போனோம்.

"வண்டிகிட்ட கற்பூரம் ஏத்தலாமாம்மா?" என்றார் மேனேஜர்.

"டெலிவரி அன்னிக்கு உங்க கடை வாசல்ல நீங்கதானே சார் ஏத்தினீங்க?"

அவர் குரல் இறங்கியது. "டியூப் சரியில்லைன்னு கம்பெனியே சொல்லிடுச்சு. கேட்டு வர்றவங்களுக்கு மாத்தித் தர்றோம்."

"கேக்காதவங்க எரிஞ்சு போகட்டுமா?"

அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு வண்டியைப் பார்க்கச் சொன்னார்.

டியூபை மாற்றிக்கொண்டதோடு நான் விடவில்லை. மறுநாள் காலை ரயில்வே ஸ்டேஷன் ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நின்று, அதே மாடல் வண்டியில் வந்த அத்தனை பேரையும் அந்தக் கடைக்கு அனுப்பினேன். மேனேஜரே ஸ்டாண்டுக்குத் தேடி வந்தார்.

"ஏம்மா எங்க பேரைக் கெடுக்கறீங்க?"

"எல்லாரையும் நீங்களே கூப்பிட்டு மாத்திக் குடுங்க சார். நான் வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

இப்போதும் ஆயுத பூஜைக்குக் கற்பூரம் ஏற்றுகிறேன், வண்டியை விட்டு எட்ட, வாசற்படியில். ஆனால் அந்த மாடல் ஸ்கூட்டரை எங்கே பார்த்தாலும் எட்ட நிற்பதில்லை. நேரே போய், "டியூப் மாத்திட்டீங்களா?" என்று கேட்கிறேன்.