மக்காச்சோளத்துக்கு ஒரு விலையும் வராத வெள்ளிக்கிழமை

சேந்தமங்கலம் ரோட்டில் முட்டை லாரி கவிழ்ந்தது ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வளைவில் ஒரு எருமை குறுக்கே வர, டிரைவர் வண்டியை ஒடிக்க, லாரி அப்படியே சாய்ந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரோடுதான் கண்ணுக்கு எட்டின தூரம் மஞ்சள் பூசினதுபோல் ஆகி, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாம் வழுக்கி வழுக்கி உட்கார்ந்தார்கள். கழுவிவிட்ட பிறகும் ஒரு வாரம் நாற்றம் போகவில்லை. அது நடந்து ஒரு மாசம் கழித்துத்தான் அதே ரோட்டில் இருக்கிற எங்கள் கோழித் தீவன மில்லில் கம்ப்யூட்டர் வழியாகக் கொள்முதல் பண்ணுகிற ஏற்பாடு வந்தது. எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நான் அந்த மில்லுக்கு மக்காச்சோளம் வாங்கிக்கொண்டிருந்த ஆள். பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கையெழுத்துப் போடுவேன், எண் தெரியும், அவ்வளவுதான். முதலில் மூட்டை தூக்கத்தான் சேர்ந்தேன். அப்போது முதலாளிக்கு நாலு கோழிச் செட்டும், தகரக் கூரை போட்ட சின்ன மில்லும்தான். ஒருநாள் லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது, இது ஈரச் சோளம் என்று சொல்லி ஒரு மூட்டையைத் தனியாகப் போட்டேன். அவர் பிரித்துக் கையை விட்டுப் பார்த்தார். அடியில் பூசணம் பிடித்திருந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். காய்ந்த சோளம் தோளில் விழும்போது உள்ளே நகர்ந்து இடம் தேடும். ஈரச் சோளம் விழுந்த இடத்திலேயே தூங்குகிற குழந்தைபோல் கிடக்கும். இதைச் சொன்னேன். மறுநாளிலிருந்து தூக்க வேண்டாம், வாங்குவதைப் பார் என்று சொல்லிவிட்டார்.

பூசணம் பிடித்த சோளத்தைத் தின்றால் கோழிக்கு ஈரல் கெட்டு முட்டை நின்றுபோகும். அதனால் வாங்குகிறவன் கையில்தான் செட்டுக் கோழி முழுக்க இருக்கிறது. நான் ஒரு பிடி எடுத்துத் தகரத் தட்டில் வீசுவேன். நல்ல சோளம் கலகலவென்று துள்ளும். அப்புறம் ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பேன். கடித்த சத்தத்தை வைத்தே வியாபாரிகள் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இப்போது என் கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் இல்லை. பல் டாக்டரிடம் போனபோது, தாத்தா கல்லையா கடித்தீர்கள் என்று கேட்டார். கோழிக்குப் பதிலாக நான் தின்றேன் என்று சொன்னேன்.

விலை பேசுவதெல்லாம் அந்தக் காலத்தில் காலையில்தான். மில்லுக்குள் தவிட்டு வாசமும் கருவாட்டுத் தூள் வாசமும் கலந்து வரும். கருவாட்டுத் தூளும் தீவனத்தில் போடுகிற சரக்குதான். அந்த வாசத்தில் உட்கார்ந்துதான் போனை எடுப்பேன். ஆத்தூர், மல்லசமுத்திரம், சேந்தமங்கலம் என்று எட்டு வியாபாரிகள். ஒவ்வொருவரிடமும் முதலில் மழையைப் பேச வேண்டும், பிறகு வீட்டைப் பேச வேண்டும், அப்புறம்தான் சோளம். ஆத்தூர்க்காரருக்குச் சர்க்கரை. அவர் சரக்கைவிட அவர் கால் புண்ணைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும். அந்தப் பேச்சிலேயே யாரிடம் சரக்கு தேங்கிக் கிடக்கிறது, யார் அவசரப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன்.

முதலாளி வீட்டுக்கு மருமகள் வந்தது. இஞ்சினீயருக்குப் படித்த பெண். வெளியூரில் பெரிய கம்பெனியில் இருந்த பெண். நாங்கள் எல்லோரும் அம்மிணி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மாசம் மில்லைச் சும்மா சுற்றிப் பார்த்தது. என்னோடு லாரி மேலேகூட ஏறியது. அப்புறம் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. குடோனில் சோளம் இந்த அளவுக்குக் கீழே போனால் கம்ப்யூட்டரே எட்டு வியாபாரிகளுக்கும் போனில் சேதி அனுப்பும். அவர்கள் அவரவர் விலையைப் போனிலேயே போட வேண்டும். ஒருவர் விலை இன்னொருவருக்குத் தெரியாது. நேரம் முடிந்ததும் கம்ப்யூட்டர் பார்த்து ஆர்டரை அனுப்பிவிடும். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

என்னிடம் வந்து பக்குவமாகத்தான் சொன்னது. சரக்கு வந்தால் பார்த்து இறக்குவது எப்போதும்போல் நான்தான், விலை பேசுகிற தொந்தரவு மட்டும் எனக்கு இனி இல்லை என்றது. அது எனக்குத் தொந்தரவு என்று யார் சொன்னார்களோ தெரியாது. நான் தலையை ஆட்டினேன். வியாபாரிகளிடம் எடுத்துச் சொல்லும் வேலையையும் எனக்கே கொடுத்தது. எட்டுப் பேரையும் போய்ப் பார்த்தேன். கூட வந்த ஆபீஸ் பிள்ளை ஒருத்தி அவர்கள் போனில் அதைப் போட்டுக் காட்டினாள். முதல் விலை வெள்ளிக்கிழமை, மதியத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்று நான் சொன்னேன். எல்லோரும் சரி என்றார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. எனக்காகவாவது ஒருவர் சுளித்திருக்கலாம் என்று இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஆபீசில் சாமிப் படத்துக்கு மாலை போட்டு, கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்தார்கள். முதலாளி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மகன் நின்றுகொண்டிருந்தார். நான் கதவோரம். பத்தரை மணிக்கு அம்மிணி ஒரு பொத்தானை அமுக்கி, திறந்தாச்சுங்க மாமா என்றது. பன்னிரண்டு மணி வரைக்கும் நேரம். டீ வந்தது. பதினொன்று ஆயிற்று. திரையில் எட்டுப் பெயர், எட்டுப் பெயருக்கும் எதிரில் கட்டம் காலி. பதினொன்றரைக்கு அம்மிணி இன்டர்நெட் வருகிறதா என்று இரண்டு தரம் பார்த்தது. எல்லாம் வேலை செய்தது. பன்னிரண்டு அடித்ததும் கம்ப்யூட்டர் தானே மூடிக்கொண்டது. அடியில் ஒரு சைபர் வந்தது. எட்டுப் பேரில் ஒருவரும் விலை போடவில்லை.

குடோனில் அன்றைக்கு மூன்று நாள் சோளம்தான் இருந்தது. முதலாளி மகனுக்குக் கோபம் முகத்தில் ஏறிவிட்டது. எட்டுப் பேரும் பேசிவைத்துக்கொண்டுதான் போடாமல் விட்டிருக்கிறார்கள், உள்ளேயிருந்து யாரோ சொல்லிக் கொடுக்காமல் இது நடக்காது என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் உள்ளேயிருந்து அந்த எட்டுப் பேரையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அம்மிணி அவரைப் பார்த்துத் திரும்பி, என்னைக் காட்டிச் சொன்னது: "அய்யா அப்படிச் செய்யற ஆளு இல்லீங்க. வேற என்னமோ ஆயிருக்குது."

முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீ அவங்ககிட்ட ஏதாச்சும் சொன்னியாப்பா?"

அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. லாரி லாரியாக என் வார்த்தையை நம்பி இறக்கினவர். இல்லீங்க என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு சேந்தமங்கலம் போனேன். போனில் கேட்டால் மழுப்புவார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று போனேன். அந்தக் கேள்வியைத் துடைக்காமல் மில்லுக்குள் மறுபடியும் கால் வைக்க மாட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

சேந்தமங்கலத்து வியாபாரி என்னை மாமா என்று கூப்பிடுவார். சொந்தம் இல்லை, பழக்கம். அவர் அப்பா காலத்திலிருந்து அந்த மண்டியில் சோளம் வாங்கியிருக்கிறேன். நான் போய் நின்றபோது கையில் போனை வைத்துக்கொண்டு, பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் மாமா, மதியம் வரைக்கும்னு சொல்லிப்போட்டு, பன்னெண்டு அடிச்சொடனே பூட்டிட்டீங்களே? எங்களைக் கழட்டி உடறதுன்னா நேரா சொல்லீர்லாமுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலையிலிருந்து போடாமல் என்ன பண்ணினாய் என்று கேட்டேன். பத்து மணிக்கே குளித்து, திருநீறு வைத்து, போனைக் கையில் எடுத்தாராம். இன்னும் திறக்கவில்லை என்று காட்டியதாம். பத்தரைக்குத் திறந்ததாம்.

"பத்தரைக்குத் தொறந்துச்சுல்ல, அப்பப் போடறதுக்கென்ன?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாமோய், வெயில்ல மண்டை காஞ்சுபோச்சுங்களா? வெள்ளிக்கெழமை பத்தரைக்கு ராகு காலமுங்க. மொதல் மொதலா ஒரு புது ஏவாரத்தை ராகு காலத்துல எவனாச்சும் ஆரம்பிப்பானா? நீங்க பண்ணுவீங்களா?"

நான் பண்ண மாட்டேன்.

தினசரி வியாபாரத்துக்கு எங்கள் பக்கம் யாரும் ராகு காலம் பார்ப்பதில்லை. பார்த்தால் லாரி ஓடாது. ஆனால் புதுசு என்றால் பார்ப்பார்கள். புது வண்டி, புதுக் கிணறு, புது ஆள் எதுவானாலும் பார்ப்பார்கள். அங்கே உட்கார்ந்து மற்ற ஏழு பேருக்கும் போன் போட்டேன். ஏழு பேரும் அதையே சொன்னார்கள். யாரும் யாரிடமும் பேசிவைக்கவில்லை. அவரவர் ஊரில், அவரவர் வீட்டில், போனை எதிரில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு அடிக்கக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆத்தூர்க்காரர் பன்னிரண்டு தாண்டட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மாத்திரைகூடப் போடாமல் இருந்தாராம். இதில் என் பிசகும் உண்டு. மதியத்துக்குள் என்று சொன்னேனே தவிர, எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

திரும்பி வந்து ஆபீசில் சொன்னேன். அம்மிணி எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தது. சந்தனம் வைத்த கம்ப்யூட்டருக்கு நேர் மேலேதான் அது தொங்கியது. அதில் ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மாலை போட்டவர்கள், சந்தனம் வைத்தவர்கள், டீ குடித்தவர்கள் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. முதலாளி சிரிக்க ஆரம்பித்து, இருமலாகி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. மகன் என்னிடம் வந்து, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அம்மிணி சிரிக்கவில்லை. காலண்டரைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு, எந்தக் கிழமைக்கு எந்த நேரம் என்று ஒவ்வொன்றாக என்னைக் கேட்டு எழுதிக்கொண்டது. அன்றைக்கே நாலே முக்காலுக்கு மறுபடியும் திறந்தது. கால் மணி நேரத்தில் எட்டுக் கட்டமும் நிரம்பிவிட்டன. ஆர்டர் மல்லசமுத்திரத்துக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை லோடு வந்தது. நான் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். நல்ல சோளம்.

இப்போது அதே ஏற்பாடுதான் நடக்கிறது. கெடுதல் என்று சொல்ல மாட்டேன். பத்து ஏக்கர் வைத்திருக்கிற விவசாயிகூட நேராக விலை போடுகிறார். ராகு காலமும் இப்போது யாரும் பார்ப்பதில்லை, ஏற்பாடு பழசாகிவிட்டது. காலையில் போன் அடிப்பதுதான் நின்றுபோயிற்று. ஆத்தூர்க்காரர் இறந்ததே எனக்குப் பதினைந்து நாள் கழித்துத்தான் தெரியும்.

முதலாளி அந்தக் கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவே இல்லை. எனக்கு அது முள்ளாக இருந்தது. நான் வேலையை விட்ட பிறகும் மாசத்துக்கு ஒரு தரம் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். ஒரு தரம், கோழிக்கு வருகிற சீக்கு பற்றி என்னவோ பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று சொன்னார்.

"அன்னைக்கி நீ யார்கிட்டயும் ஒண்ணுஞ் சொல்லலீன்னு எனக்குத் தெரியுமப்பா. ஆனா அந்தச் சைபர் வந்தப்ப உன்ற மொகத்துல ஒரு சந்தோசம் இருந்துச்சு. அதைப் பார்த்துப்போட்டுத்தான் கேட்டேன்."

அவர் சொன்னது நிஜம். சைபர் வந்தபோது எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. எட்டுப் பேரும் என் குரல் இல்லாமல் சோளம் தர மாட்டோம் என்று நின்றுவிட்டதாக ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் சோளம்தான் இருக்கிறது, கோழி பட்டினி கிடக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு நிமிஷம் தோன்றவில்லை. அந்த நேரத்தில்தான் அம்மிணி எனக்காகப் பேசியது.

முதலாளி போன ஆடியில் காலமானார். இப்போது இதைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இரண்டு தரம் மில்லுக்குப் போனேன், அம்மிணியிடம் சொல்லிவிடலாம் என்று. டீ வாங்கிக் கொடுத்து, முட்டிவலி எப்படி இருக்குங்கய்யா என்று கேட்கிறது. முட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

சேந்தமங்கலம் ரோட்டில் போகிறவர்கள், மில்லில் ஏதாவது சோலி இருக்கிறவர்கள், உள்ளே போனால் அம்மிணியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். கிழவன் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதில் நீங்கள் நம்பினது சரி. ஆனால் அன்றைக்கு அவன் சந்தோசப்பட்டான், அதையும் தெரிந்துகொள்ளுங்கள் என்று அவனே சொல்லச் சொன்னான் என்று சொல்லுங்கள்.