மூன்று பாட்டு, மூன்று மொட்டை

எழுபதுகளின் சிங்கப்பூரில் வரப்போகிற ராக் கச்சேரிகளில் எதற்குப் போகலாம், எதற்குப் போனால் காசு தண்டம் என்று தெரிந்துகொள்ளப் பத்திரிகையைப் புரட்டிப் பயனில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு நாங்களெல்லாம் உருப்படாத கோஷ்டி. தேக்காவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அத்தரும் கைலியும் தொப்பியும் விற்கிற கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே கடைக்காரரின் மகன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரண்டு பென்சில்களால் கண்ணாடிப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருப்பான். அவன்தான் எங்கள் டிரம்ஸ்காரன். ஊரில் எவன் எங்கே வாசிக்கிறான் என்பது அவனுக்குத் தெரியும்.

"சனிக்கிழம கம்யூனிட்டி சென்டரா? போவாத லா. அந்தக் கிடார்காரன் சுருதி சேக்குறதுக்குள்ள உனக்குக் கல்யாணமே ஆயிடும்" என்பான். "சர்ச் ஹாலா? பாடுறவன் நல்லாத்தான் பாடுவான். ஆனா முன்வரிசைல ஃபாதர் உக்காந்திருப்பாரு, எவன் ஆடுவான்?" அத்தர் வாங்க வந்த ஹாஜியார்களுக்கும் கேட்காமலே இந்த யோசனை கிடைக்கும். அவனுடைய அத்தா கல்லாவிலிருந்து தலையில் அடித்துக்கொள்வார்.

நாங்கள் மூன்று பேர். பேஸ் கிடார் நான், செம்பவாங் கப்பல் பட்டறை வெல்டரின் மகன், மாதா கோயிலில் பூசைக்கு மணியடித்து வளர்ந்தவன். கிடாரும் பாட்டும் புக்கிட் பாஞ்சாங்கில் கோழி வளர்த்த குடும்பத்துச் சீனப் பையன். அவன் வீட்டுக் கோழிக்கொட்டகைக்குப் பக்கத்தில்தான் பயிற்சி. நாங்கள் வந்தால் கோழிகள் முட்டையிடுவதில்லை என்று அவனுடைய அம்மாவுக்குத் தீராத மனக்குறை. மற்ற கோஷ்டிகளெல்லாம் வெள்ளைக்காரன் இசைத்தட்டைத் தேய்த்துத் தேய்த்து அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தபோது எங்களிடம் சொந்தப் பாட்டு மூன்று இருந்தது. ஒன்று வராத பஸ்ஸைப் பற்றி. ஒன்று காதல். மூன்றாவது எதைப் பற்றி என்று எழுதினவனுக்கே தெரியாது. சொந்தப் பாட்டு என்றால் எவனும் மேடை தரமாட்டான்.

பாட்டுக்கு அடுத்து எங்கள் சொத்து முடிதான். சீனப் பையன் இன்னும் தேசிய சேவைக்குப் போகவில்லை. டிரம்ஸ்காரனும் நானும் போய்த் திரும்பியவர்கள், ராணுவம் சிரைத்த தலையில் வட்டியும் முதலுமாக வளர்த்திருந்தோம். என்னுடையது தோளில் புரளும். பேஸ் கிடார்காரனை எவனும் கவனிக்கமாட்டான், பாவப்பட்ட பிறவி. அவனிடம் ஆடுவதற்கு இருப்பது முடி ஒன்றுதான்.

அந்த முடிக்கு ஊரில் பெரிய மரியாதை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் சுவரில் ஒரு படம் மாட்டியிருப்பார்கள். முன்முடி புருவத்தைத் தொட்டாலோ, காதை மூடினாலோ, காலருக்குக் கீழே இறங்கினாலோ அந்த ஆண்பிள்ளையைக் கடைசியாகத்தான் கவனிப்பார்கள். பட்டறை குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிவந்து, அடுக்குமாடி வீட்டுக்குப் பதிய அம்மாவும் நானும் போன அலுவலகத்திலும் அந்தப் படம் இருந்தது. அப்பாவுக்கு வேலை நாள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அதனால்தான் நான்.

உட்கார்ந்தோம், உட்கார்ந்தோம், உட்கார்ந்துகொண்டே இருந்தோம்.

"என்னடா, நமக்குப் பின்னால வந்தவளுகல்லாம் வேலைய முடிச்சிட்டுப் போறாளுக?" என்றாள் அம்மா.

நான் சுவரைக் காட்டினேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "படத்துல இருக்கறவன் உன்னவிட லட்சணமாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று கவுண்டருக்குப் போனாள். அங்கே இருந்தவர் தமிழர், நெற்றியில் திருநீறு.

"சட்டம்மா, நான் என்ன பண்றது? முடி வெட்டிட்டு வந்திருந்தா காலையிலயே முடிஞ்சிருக்கும்" என்றார் அவர்.

என் அம்மாவுக்குக் கோபம் வந்தால் வாய் முன்னே போகும், புத்தி அடுத்த பஸ்ஸில் வரும். "தம்பி, இது ஸ்டைலுக்கு வளத்த முடி இல்ல. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேந்துவிட்ட முடி. வீடு கிடைச்சா மொட்டை போடுறதா வேண்டுதல். நேந்த தலையில கத்தி வைக்கச் சொல்றீங்களா?" என்றாள்.

எனக்கே அது செய்திதான். ஆனால் அந்த மனிதர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். "அய்யய்யோ, மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா? எம் பையனுக்கே பழனிக்கு நேந்திருக்கோம். வாங்க, வாங்க." வேதம் வேறானாலும் மொட்டை ஒன்றுதான். அவரே எல்லாவற்றையும் நிரப்பி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, என் முடியை ஒரு கும்பிடு போடாத குறையாகப் பார்த்து அனுப்பிவைத்தார்.

வழியெல்லாம் நான் சிரித்துக்கொண்டு வந்தேன். பஸ் நீ சூன் என்கிற ஊரைத் தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"மாதா பேர்ல பொய் சொல்லிட்டேன்டா."

"விடும்மா. மாதாவுக்கு உன்னத் தெரியாதா?"

"தெரியும்டா. அதான் பயமா இருக்கு."

அதோடு போயிருக்கும். ஆனால் வீடு கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, எங்களுக்கு மட்டும் தோ பாயோவில் வீடு தயார் என்று செய்தி வந்தது. அப்பா அந்தக் கவுண்டர்காரர் நல்லவர் என்றார். அம்மா அப்படியே முழங்காலில் விழுந்தாள். பொய்யை மாதா ஏற்றுக்கொண்டு தன் பங்கைச் செய்துவிட்டாள், இனி நம் முறை என்று முடிவாகிவிட்டது. பெரியம்மா நாகப்பட்டினம் கப்பலில் ஊருக்குப் போகிறாள், என் முடியை அவளே கொண்டுபோய் வேளாங்கண்ணியில் சேர்த்துவிடுவாள் என்று ஏற்பாடும் நடந்தது.

அதே வாரம் டிரம்ஸ்காரன் கடையிலிருந்து ஓடிவந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு பழைய சினிமாக் கொட்டகையில், பல கோஷ்டிகள் சேர்ந்த பெரிய கச்சேரி. ஒரு கோஷ்டி கழன்றுகொண்டதால் எங்களுக்கு இடம். "சொந்தப் பாட்டே வாசிங்கன்னுட்டாங்க மாப்ளே! வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்லிட்டேன், இதுக்குப் போவலேன்னா நீ மனுசனே இல்லன்னு."

கப்பல் வெள்ளிக்கிழமை. கச்சேரி அதற்கடுத்த ஞாயிறு.

"அடுத்த கப்பலுக்குத் தர்றேம்மா" என்று கெஞ்சினேன்.

"சாவி வாங்கறதுக்கு முன்னால குடுத்துடணும். குடுத்தவளுக்குப் புடுங்கவும் தெரியும்."

அம்மாவை ஃபாதரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கோபத்தில் வாய்தவறிச் சொன்னது நேர்ச்சை ஆகாது, ஆண்டவர் அவ்வளவு சின்னப் புத்திக்காரர் இல்லை, ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னால் போதும் என்றார். எனக்கு அவர் கையை முத்தமிடலாம் போல இருந்தது. வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "அவருக்கு என்ன தெரியும்? புள்ள குட்டி பெத்தவரா, வீட்டுக்கு அலைஞ்சவரா?"

அன்று சாயங்காலம் நான் கத்தினேன். மாதாவையும் சேர்த்துக் கத்தினேன். அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டு, சிக்கெடுத்து வாரினாள். இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி அது, ஒரு நரை கிடையாது.

"எதுக்கும்மா இப்ப வாருற?"

"நீ தர வேணாம்யா. சொன்ன வாய் என் வாய்தானே. நானே குடுத்துடுறேன்."

மிரட்டல் இல்லை அது. மிரட்டலாக இருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன். அம்மாவை மொட்டைத் தலையோடு நினைத்துப் பார்த்ததும் அவள் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கினேன். "கட்டு, கட்டு, கொண்டையக் கட்டு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

தேக்கா முடிதிருத்தகத்தில் எனக்கு ராஜ மரியாதை. "உன் தலையப் பாத்துப் பாத்து எத்தன நாள் வயிறெரிஞ்சிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே சவரக்கத்தியைத் தீட்டினார் கடைக்காரர். கூடவே வந்த அம்மா முடியை ஒரு பிஸ்கட் டின்னில் வாங்கிக்கொண்டாள். தலையில் சந்தனத்தைப் பூசிவிட்டாள். வழியில் அத்தர் கடையில் எட்டிப் பார்த்த எங்களைக் கண்டு டிரம்ஸ்காரன் பென்சிலைக் கீழே போட்டான்.

"மாப்ளே! பாக்க வேண்டிய கச்சேரின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். இப்ப எதப் பாக்கச் சொல்ல?"

ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவும் கிளம்பிவிட்டாள். முடி கொடுத்தவன் வாசிப்பதைப் பார்க்க அவளுக்கு உரிமை இருக்கிறதாம். கொட்டகைக்குப் பின்னால் ஒரே களேபரம். மேடைக்குப் போகும் கதவில் ஒரு மலாய் அதிகாரி நின்றுகொண்டு, நீள முடிக்காரன் ஒருத்தனும் மேலே ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்த கோஷ்டிகள் கிராப்பு வைத்த டோப்பாவுக்குள் முடியைச் சுருட்டித் திணித்துக்கொண்டு, காதைச் சொறிந்தபடி நல்ல பிள்ளைகளாக நின்றன. எங்களிடம் டோப்பா இல்லை. அதிகாரி என் சந்தனத் தலையைப் பார்த்து, நீ போகலாம் என்று வழிவிட்டார். மற்ற இருவரையும் கையால் தடுத்தார்.

பேஸ் கிடாரைத் தனியாக வாசித்தால் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் பீரோ நகர்த்துகிற மாதிரி இருக்கும். சீனப் பையன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அவன் எழுதிய பாட்டுகள் அவை. அவனுக்குத் தேசிய சேவை அழைப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம், இதை விட்டால் வேறு மேடை கிடையாது. முந்தின கோஷ்டி கடைசிப் பாட்டில் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கிடாரை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன், அது வாடகைக் கிடார்.

பின்பக்கம் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். சீனப் பையனின் முகத்தைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு தன் சந்தை மலாயில் அதிகாரியிடம் பேசினாள். இந்த இரண்டு பையன்களின் முடியும் மாதாவுக்கு நேர்ந்த முடி, 'பாயார் நியாத்' செய்யப்போகிறார்கள், சந்தேகம் இருந்தால் என் மகன் தலையைப் பாருங்கள், இவன் முதல் கப்பலுக்குக் கொடுத்துவிட்டான், இவர்கள் அடுத்த கப்பலுக்கு என்றாள். அதிகாரி என் மொட்டையைத் தொட்டே பார்த்தார். வேண்டுதலைச் செலுத்துவது என்றால் மலாய்க்காரர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். வழிவிட்டார்.

"அய்யோ ஆன்ட்டி, என்னா சொல்லிட்டீங்க!" என்றான் டிரம்ஸ்காரன்.

"போய் வாசிங்கடா. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

வாசித்தோம். வராத பஸ் பாட்டுக்குக் கொட்டகையே காலால் தாளம் போட்டது. மூன்றாவது பாட்டு எதைப் பற்றி என்று அன்றைக்கு எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது, இறங்கியதும் மறந்துவிட்டது. என் மொட்டையில் விளக்கு பட்டு மின்னியதால், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டம் பேஸ் கிடார்காரனைப் பார்த்தது. முன்வரிசையில் அம்மா காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தாள், பஞ்சையும் மீறித் தலையாட்டிக்கொண்டு. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு எந்த மேடையிலும் வந்ததில்லை.

வெளியே வந்ததும் இருவரையும் பிடித்துக்கொண்டாள். "மாதா பேரச் சொல்லிட்டேன், ரெண்டு தலையும் வேணும்."

"எங்க அத்தா கொன்னுடுவாரு ஆன்ட்டி!"

"நீ நாகூருக்குக் குடு. பக்கத்துலதான், ஒரே பஸ்சு."

அவனுடைய அத்தாவோ, பையன் திருந்திவிட்டான் என்று கடையில் வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்து, தானே அவனை முடிதிருத்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். சீனப் பையன் விஷயம்தான் சிக்கல். அவனும் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தான். ஆனால் அடுத்த கப்பலுக்கு முன்பே ராணுவ அழைப்பு வந்து, முதல் நாளே முகாமில் சிரைத்துக் குப்பையில் கொட்டிவிட்டார்கள். மாதாவுக்குச் சேர வேண்டியதை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நான் வந்து சொன்னபோது அம்மா "அப்படியா" என்று மட்டும் சொன்னாள். நானும் அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டேன், மடையன்.

தோ பாயோ வீட்டுக்குக் குடிபோன வாரம் நான் வேலை முடிந்து லிஃப்டை விட்டு வெளியே வந்தால், எங்கள் வாசலில் அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் துக்க முகத்தோடு நின்றார்கள். அப்பா கைலியோடு கதவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "நான் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கேம்மா! போங்க! எல்லாரும் போங்க!" உள்ளே அம்மா மொட்டைத் தலையோடு உட்கார்ந்து, பிஸ்கட் டின்னுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். மூடி சரியாக மூடவில்லை, அவ்வளவு முடி.

நான் அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். வளர்ந்த ஆண்பிள்ளை, வெட்கமில்லாமல் அழுதேன். அவள் என் தலையைத் தடவினாள். அதில் அப்போதுதான் முள்ளு முள்ளாக முளைத்திருந்தது.

"எதுக்கும்மா?"

"அந்தச் சீனப் புள்ள பாடினான் பாரு, அதுக்கு" என்றாள். "அழாதடா. அப்பாவ உள்ள கூப்பிடு, மானம் போவுது. அப்புறம், அடுத்த கச்சேரி எப்பன்னு அந்த அத்தர்கடைப் பையன்கிட்ட கேட்டு வை. இந்தத் தடவ நான் வாயத் தொறக்க மாட்டேன்."