பூரணி வந்தால் அணைகிற பெட்டி

அக்கரப்பத்தனைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவர் டோரீன். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகிற குழந்தைகளுக்குச் சோறூட்டி, தூங்கவைத்து, கொஞ்சம் எழுத்தும் சொல்லிக்கொடுப்பதால் ஊருக்கு அவர் டீச்சர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் கேட்காமலே இன்னொரு வேலையையும் பல வருடங்களாகச் செய்துவந்தார். லயம் என்கிற வரிசை வீடுகளில் வாழும் தோட்ட மக்களின் கடதாசிகளைப் பத்திரப்படுத்தும் வேலை.

எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் பிரதி கேட்பார்கள். பிரதி எடுக்க டவுனுக்குப் போகவேண்டும், பஸ்ஸுக்கு நிற்கவேண்டும், அரை நாள் பேரும் அதற்கான கூலியும் போய்விடும். அதனால் டோரீன் பிள்ளைக் காம்பரா மேசையில் கடதாசியை விரித்து, தன் ஃபோனில் படமெடுத்து, பழைய லெப்டொப்பில் ஏற்றிவிட்டு, இடம் போதாததால் ஃபோனில் இருப்பதை அழித்துவிடுவார். லயத்தின் நம்பரில் ஒரு கோப்புறை, அதற்குள் காம்பராவின் நம்பர், அதற்குள் அந்த வீட்டுப் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம்.

“நம்ம எல்லாரும் டீச்சர் பொட்டிக்குள்ளதான் குடியிருக்கோம். கூரையும் ஒழுகாது” என்பாள் பக்கத்துக் காம்பரா மீனம்மா.

ஐந்தாம் நம்பர் லயத்து ராசம்மா தன் மகள் பூரணியின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தது ஒரு பின்னேரத்தில். மலையிலிருந்து நேராக வந்திருந்தாள். மடித்து மடித்துப் பழகிய கடதாசி மேசையில் நிற்காமல் சுருண்டுகொண்டே இருந்தது. ராசம்மா மூலையைப் பெருவிரலால் அமுக்கிப் பிடித்தாள்.

“வெரல எடுங்க, படத்துல விழுது.”

“விழுந்தா என்ன டீச்சர், எழுத்து தெரியுதில்ல? எடுத்தா மறுபடி சுருண்டுக்கும். சட்டுனு எடுங்க, அடுப்புல ஒண்ணும் வைக்கல இன்னும்.”

போன கார்த்திகை மழையில், விடியும் முன், மேல்மலை சரிந்து ஐந்தாம் நம்பர் லயத்தின் ஆறு காம்பராக்களை மூடிவிட்டது. ராசம்மா, அவள் புருஷன் பழனியாண்டி, சின்ன மகன், மூவரும் போனார்கள். பரீட்சை வகுப்புக்காக நோட்டன் பிரிட்ஜில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த பூரணி மட்டும் மிஞ்சினாள். பள்ளிக்கூடம் இங்கே இருந்ததால் டோரீன் அவளைத் தன் காம்பராவில் வைத்துக்கொண்டார். அவள் கையில் ஒரு உடுப்புப் பையைத் தவிர வேறொன்றும் இல்லை.

இது நடந்து நாலு மாதம் கழித்துத்தான் சான்றிதழ் தேவைப்பட்டது. சாதாரண தரப் பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும். அதற்கான விண்ணப்பங்களைப் பள்ளிக்கூடம் வெள்ளிக்கிழமை அனுப்புகிறது. திங்கட்கிழமை டோரீன் கந்தோருக்குப் போய் நிலைமையைச் சொன்னார். அங்கே கடதாசி வேலை பார்க்கும் எழுதுவினைஞர் நல்ல மனிதர்தான். புதுப் பிரதி எடுத்துத் தருவதாகச் சொன்னார். ஆனால் பூரணி பிறந்தது எங்கே, எந்தப் பதிவாளரிடம் பதிந்தார்கள், நம்பர் என்ன என்று கேட்டார். பயணத்தில் இருந்தபோது வலி வந்து எங்கேயோ பிறந்த பிள்ளை, வெகு காலம் கழித்துப் பதிந்த பிள்ளை. விவரம் தெரிந்த இரண்டு பேரும் மண்ணுக்குள் இருந்தார்கள்.

“பழைய பிரதி ஒண்ணு இருந்தா மெயில்ல அனுப்புங்க, ஒரே நாள்ல முடிச்சிரலாம். இல்லாட்டி தேடித்தான் எடுக்கணும். மாசக் கணக்காகும்” என்றார் அவர்.

இருக்கிறது என்று டோரீன் நிம்மதியாகவே திரும்பினார்.

லயத்தில் சிக்னல் கிடையாது. தேயிலை மலையின் திருப்பத்தில் உள்ள பாறையில் ஏறினால்தான் இரண்டு கோடு வரும். செவ்வாய்க்கிழமை பின்னேரம் பூரணி டோரீனின் ஃபோனை வாங்கி, அதன் இணையத்தைப் பெட்டிக்குத் தரும் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுக்கொடுக்க, டோரீன் மடியில் லெப்டொப்பை வைத்துத் திறந்தார். எதிரே, ஐந்தாம் நம்பர் லயம் இருந்த இடத்தில், மலை சிவப்பாகப் பிளந்து கிடந்தது. ராசம்மாவின் கோப்புறையைத் தொட்டதுதான் தாமதம், திரை முழுதும் நீலமானது. அழுகிற முகம் ஒன்று வந்தது. ஏதோ ஆங்கில எழுத்து, ஏறிக்கொண்டே போகும் ஒரு எண், பிறகு கறுப்பு.

மறுபடி போட்டார். மறுபடி நீலம். மூன்றாம் தரம் கோப்புறையைத் தொடுவதற்குள்ளேயே நீலம். விறகுக் கட்டோடு அந்த வழியே வந்த மீனம்மா கட்டை இறக்காமலே நின்று பார்த்தாள்.

“செத்தவங்க பேப்பர இங்க வச்சா தொறப்பாங்க? அந்த மண்ணப் பாத்துக்கிட்டு?”

“மெஷின் பழுது, மீனம்மா.”

“பழுதுன்னா நேத்தெல்லாம் ஏன் பழுதாகல?”

டோரீன் பெட்டியை மூடினார்.

புதன்கிழமை மீனம்மாவிடம் குழந்தைகளை ஒப்படைத்துவிட்டு, பூரணியையும் கூட்டிக்கொண்டு ஹற்றனுக்குப் போனார். கடைக்கார இளைஞன் றொக்சன் பெட்டியைத் திறந்தான். திரை நன்றாகவே வந்தது. கடையின் வைஃபையைப் போட்டுப் பார்க்கிறேன் என்றான். நீலமானது.

“டிஸ்க் போகுது போல மிஸ். பழைய சாமான்தானே. ஃபோர்மட் பண்ணி விண்டோஸ் புதுசா அடிச்சுத் தாறேன்.”

“உள்ள இருக்கிறது?”

“அதுக்குப் பொறுப்பெடுக்க ஏலாது மிஸ். இனி ஒவ்வொரு தரம் போடுறதும் ரிஸ்க்தான். எப்ப முழுசா போகும்னு சொல்ல முடியாது.”

டோரீன் பெட்டியை வாங்கிச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டார். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு குலுக்கலிலும் உள்ளே ஏதோ ஒன்று உதிர்வது போலிருந்தது. பூரணி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

“டீச்சர், நான் இல்லாதப்ப இது எப்பயாவது அணைஞ்சிருக்கா?” என்று கேட்டாள், பஸ் இறங்கும் நேரத்தில்.

“என்ன கேள்வி இது? நட.”

ஆனால் டோரீன் அன்று முழுதும் அதை யோசித்தார். பாறையில் அவள் இருந்தாள். கடையில் இருந்தாள். மற்ற நேரத்தில் அணைந்ததாக நினைவில்லை. கர்த்தரை நம்புகிறவர் இதை நினைக்கவே கூடாது என்று தன்னைத்தானே கடிந்துகொண்டார். நினைப்பு போகவில்லை.

வியாழக்கிழமை நடுப்பகலில் குழந்தைகள் தூங்கினார்கள். ராசம்மாவின் அக்காவுக்கு ஏதாவது ஞாபகம் இருக்குமா என்று கேட்டுவர, பூரணி ஃபோனை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போயிருந்தாள். டோரீன் பிள்ளைக் காம்பரா மேசையில் பெட்டியை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு அழுத்தினார். போனால் ஒரு வீடு மட்டும் போகாது, எல்லா வீடும் போகும் என்ற பயத்தில், முதலில் மொத்தத்தையும் பென் டிரைவுக்கு ஏற்றிவிட நினைத்தார். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. கால் மணி நேரம் போனது. பாதியைத் தாண்டியது. அவர் மூச்சைக்கூட மெதுவாகவே விட்டார்.

படியில் காலடி கேட்டது. கதவு திறந்தது.

“பெரியம்மாவுக்கும் தெரியாதாம், டீச்…”

நீலம்.

பூரணி வாசலிலேயே நின்றுவிட்டாள். தன் பிள்ளையைப் பார்க்க வந்திருந்த மீனம்மா இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் சொல்லியும்விட்டாள்.

“நான் அப்பவே நெனச்சேன். இவ காலடி வச்சதும்…”

“மீனம்மா.”

“குத்தமா சொல்லல டீச்சர். அந்தக் குடும்பத்துலயே மிஞ்சினது இவ ஒருத்திதானே.”

பூரணி ஃபோனை மேசை ஓரத்தில் வைத்தாள். வைத்துவிட்டுப் பின்னாலேயே நடந்து இஸ்தோப்புக்குப் போய்விட்டாள். திரை கறுத்து, கறுத்தே கிடந்தது. டோரீன் பொத்தானை அழுத்தவில்லை. இந்தத் தடவை வராமல் போனால்? வந்து, அந்தப் பிள்ளையைப் பார்த்து மறுபடி அணைந்தால்? எது பெரிய பயம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஏதாவது செய்யவேண்டுமே என்று ஃபோனை எடுத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல் சுட்டது. இரண்டு நாளாக அதில் சார்ஜ் நிற்கவில்லை. திரையின் மேல் ஓரத்தில் சின்ன வளையம் போன்ற அடையாளம் இருந்தது. செவ்வாய்க்கிழமை பாறையில் போட்ட ஹொட்ஸ்பொட். யாரும் அணைக்கவில்லை.

அன்றிலிருந்து ஃபோன் பூரணியோடுதான் இருந்தது. பூரணி எங்கே போனாலும் ஃபோனும் போனது.

டோரீன் குழந்தைகளை மீனம்மாவிடம் விட்டு, பாறைக்கு ஏறினார். மூச்சு வாங்க றொக்சனுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னார். அப்படியென்றால் அந்த ஹொட்ஸ்பொட்தான் காரணமாக இருக்கும் என்றான் அவன்.

“ஆனா லயத்துல சிக்னலே இல்லையே தம்பி.”

“ஹொட்ஸ்பொட்டுக்கு சிக்னல் வேணாம் மிஸ். ஃபோன் கிட்ட வந்தா போதும், பெட்டி தானாப் போய் ஒட்டிக்கும். கடையிலயும் நான் வைஃபை போட்டப்பதான் விழுந்திச்சு. இடையில அப்டேட் ஏதும் ஏறிச்சா?”

பொங்கல் லீவில் கொட்டகலையில் தங்கை வீட்டில் ஒரு பகல் முழுதும் பெட்டி தானாக என்னவோ ஏற்றிக்கொண்டிருந்தது டோரீனுக்கு நினைவு வந்தது. அதற்குப் பிறகு பாறையில் உட்காரும்வரை அதை வலையோடு இணைக்கவே இல்லை.

“அப்ப வைஃபை டிரைவர்தான். பெட்டிக்குள்ள வைஃபைக்குன்னு ஒரு காட் இருக்கு மிஸ், அதை ஓட்டுற சின்ன புரோகிராம் அது. புதுசா வந்தது அந்தப் பழைய காட்டுக்கு ஒத்துக்கல. ஒட்டும்போதெல்லாம் மொத்த மெஷினையும் சேத்து இழுத்துட்டு விழுது. நான்தான் அவசரப்பட்டு டிஸ்க்குன்னுட்டேன். மன்னிச்சிருங்க.”

“நிச்சயமா?”

“நிச்சயம்னு சொல்ல மாட்டேன். இத்தன தரம் விழுந்ததுல டிஸ்க்குக்கும் அடி பட்டிருக்கலாம். ஃபோன தூரமா வச்சிட்டு, முதல்ல வைஃபைய நிப்பாட்டுங்க. மெயில் அனுப்ப ஃபோன வயர்ல மாட்டிக்கங்க. டிரைவர பழையதுக்குத் திருப்புறத பொறவு சொல்லித்தாறேன்.”

அவன் சொன்ன ஒவ்வொரு படியையும் டோரீன் பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். இறங்கி வந்து, ஃபோனை மீனம்மாவிடம் நீட்டினார்.

“இத உங்க காம்பரா அடுப்படியில வச்சுக்கிட்டு இருங்க. நான் கூப்புடுற வரைக்கும் வரக்கூடாது.”

மீனம்மா அதை இரண்டு விரலால், அட்டைப்பூச்சியைப் பிடிப்பது போல் பிடித்தாள். “இதுக்குள்ளயா இருந்திச்சு? என் அடுப்பு அணையாதே, டீச்சர்?”

“அணைஞ்சா பத்த வைங்க. போங்க.”

பூரணி இஸ்தோப்பின் கடைசித் தூணருகே நின்றிருந்தாள். “நான் இங்கயே நிக்கிறேன் டீச்சர். நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க.”

அவளை அங்கேயே நிற்கவைப்பது எளிது. பெட்டி தப்பிக்கும், நம்பரும் கிடைக்கும். ஆனால் அவள் இல்லாதபோதுதான் கிடைத்தது என்று லயம் பேசும். அவளும் அதையே நம்புவாள், சாகும்வரை. உள்ளே அழைத்து, டிஸ்க் உண்மையாகவே பழுதாகியிருந்தால் அதைவிட மோசம்.

“வந்து பக்கத்துல உக்காரு.”

“வேணாம் டீச்சர்.”

“ஒங்கம்மா பேப்பர நீ இல்லாம நான் தொறக்க மாட்டேன். வா.”

குழந்தைகளின் குட்டி நாற்காலியில் அவள் வந்து உட்கார்ந்தாள். முழங்கால் முகவாயைத் தொட்டது. டோரீன் பொத்தானை அழுத்தினார். கறுப்பு. தொட்டிலில் ஒரு குழந்தை முனகிவிட்டு அடங்கியது. இன்னும் கறுப்பு. பூரணி எழும்பப் போனாள். டோரீன் பார்க்காமலே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

வெளிச்சம் வந்தது. டிக்கெட்டைப் பார்த்துப் பார்த்து, வைஃபை காட்டின் பெயரைத் தேடி, அதை நிறுத்தினார். ஐந்தாம் நம்பர் லயம். மூன்றாம் காம்பரா. பெயரில்லாத படங்கள், வெறும் எண்களோடு. ஒன்று கல்யாணப் பதிவு. ஒன்று பழனியாண்டியின் அடையாள அட்டை. மூன்றாவது மேலிருந்து துண்டு துண்டாக இறங்கி வந்தது. பெயர், திகதி, பதிவாளர் பிரிவு, சிவப்பு மையில் நம்பர்.

டோரீன் நம்பரை டிக்கெட்டில் எழுதினார். நம்பாமல் நாட்காட்டியில் எழுதினார். பிறகு பென்சிலால் மேசையிலேயே எழுதினார். நிமிர்ந்தபோது பூரணி நம்பரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. படத்தின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பெருவிரல். நகத்தின் ஓரமெல்லாம் கொழுந்துக் கறை.

“அம்மாவோட வெரல்.”

“நான் எடுக்கச் சொன்னேன். கேக்கல.”

பூரணி தன் பெருவிரலைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பெட்டி அணையவில்லை.

“டீச்சர், கந்தோருக்கு அனுப்பும்போது இந்த வெரல வெட்டிரணுமா?”

“எதுக்கு?”

“அழுக்குன்னு நெனப்பாங்களோன்னு.”

டோரீன் அவள் மணிக்கட்டை இன்னும் விட்டிருக்கவில்லை.

“முழுசாத்தான் அனுப்புவோம்” என்றார். பிறகு மீனம்மாவைக் கூப்பிட்டு, பாறைக்குப் போக ஃபோனையும், தன் காம்பராவில் இருக்கும் அதன் வயரையும் எடுத்துவரச் சொன்னார்.