என்னை மறக்காத இரத்தம்

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. வாரத்தில் சில நாட்கள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவாள். மிச்ச நாட்களில் அந்தக் களைப்பிலேயே படுத்திருப்பாள். என்னுடையதில் ஒன்றைக் கொடுப்பதென்று முடிவெடுத்தேன். இரத்த வகையும் ஒன்றாக இருந்தது. துறைமுகத்தில் என்னோடு இழுவைப் படகில் வேலை செய்பவர்கள், "மச்சான், நீ மாடு மாதிரி இருக்கிறாய், ஒண்டு போனாத் தெரியாது" என்றார்கள். அதை நம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் கொழும்புக்குப் போனேன்.

அங்கே இருவர் இரத்தத்தையும் கலந்து பார்த்தார்கள். ஒத்துவரவில்லை.

"ஒரே குறூப்தானே, டொக்டர்?"

"குறூப் சரி. ஆனா அவ பிள்ளை பெத்தவ. வயித்துப் பிள்ளையில பாதி உங்கட கூறு. அப்பவே அவவின்ர உடம்பு உங்களைப் பிறத்தி ஆள் எண்டு குறிச்சு வைச்சிட்டுது. உங்கட கிட்னியை வைச்சா உடனே அடிச்சுப் போடும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் ஒரே கோப்பையில் சோறு சாப்பிட்டவன் பிறத்தி ஆளா? யாரோடு சண்டைக்குப் போவது? ஊருக்குத் திரும்பும் பஸ் கந்தளாய் வந்துவிட்டது. அங்கேதான் அவள் வாயைத் திறந்தாள்.

"பிள்ளைக்கு இதைச் சொல்லாதேங்கோ."

மகளிடம், பொருந்தவில்லை என்று மட்டும் சொன்னோம். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறவளிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம்.

ஒரு பின்னேரம், படித்துக்கொண்டிருந்தவள் எனக்கு விளக்கத் தொடங்கினாள்.

"அப்பா, உடம்பைக் காவல் காக்கிற ரீ கலத்துக்கு முதல்தரம் ரெண்டு சைகை வேணும். பிறத்திப் பொருளைக் காட்டிறது ஒண்டு. 'ஓம், இது ஆபத்துதான்' எண்டு உறுதிப்படுத்திறது மற்றது. ரெண்டும் கிடைச்சாத்தான் சண்டைக்குப் போகும். சண்டை முடிய, கனக்கச் செத்துப்போகும். கொஞ்சம் ஞாபகக் கலமா நிண்டிடும். அதுகளுக்குப் பிறகு சின்னச் சைகையே போதும். வருசக்கணக்கா மறக்காது."

சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"அம்மாவின்ர உடம்பு உங்களை என்னிலதானே கண்டது?"

நான் எழுந்து, அவள் மூடிய புத்தகத்தை எடுத்து அடுக்கி வைத்தேன். அதுவே அவளுக்குப் பதிலாகிவிட்டது.

உள்ளே படுத்திருந்தவளுக்கும் கேட்டிருக்கிறது. "நீ வராட்டி இந்த மனுசனை எப்பவோ விட்டிட்டுப் போயிருப்பன், பிள்ளை" என்றாள். மகள் சிரிக்கவில்லை. அழுதாள்.

"அப்ப என்ர ஒண்டை எடுக்கட்டும். நான் அம்மாவின்ர பிள்ளைதானே."

அதையும் டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். இனி ஒளிக்க ஏலாது.

"உன்னில பாதி நான், பிள்ளை. அம்மாவின்ர உடம்பு உன்னையும் உள்ள விடாது."