ஏழுக்குக் குறையாத பட்டியல்

சைகலைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். ஒளித்துப் பேசி என்ன ஆகப்போகிறது? பிஷ்கேக்கில் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் நான் ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவன். அவள் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. சோதனைக் குழுவுக்குத் தலைவர் பதவி ஒன்று வந்தபோது, முதலாளி அசன்குல் எங்கள் இருவர் பெயரையும் ஒரே மூச்சில் சொன்னார். வெள்ளிக்கிழமை முடிவு என்றார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்படி என்ன இருக்கிறது அவளிடம்? டோக்மோக்கில் ஓர் அனாதை இல்லத்தில் வளர்ந்தவள். பெற்றவள் பெயர் புருல் என்பதைத் தவிர சொந்தபந்தம் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டு குளிர்காலமும் ஒரே கோட்டு. காலையில் நெரிசலான மினிபஸ்ஸிலிருந்து கையில் ஓர் இறைச்சிச் சம்சாவோடு இறங்குவாள். அதிலும் பாதி வாசல் காவலாளிக்குப் போய்விடும். என்னை வாய் நிறைய ‘பைகே’, அண்ணன், என்பாள். ஏதாவது கேட்டுத் தெரியாவிட்டால் “தெரியாது” என்பாள். முகம் கொஞ்சமும் மாறாது. அதுதான் எனக்குத் தாங்காது.

நாங்கள் செய்வது டீபக்கர், பிழை தேடும் மென்பொருள். ஒரு புரோகிராம் ஓடும்போது நடுவில் விழுந்தால், விழுந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போய், இந்தக் கட்டளைத் துண்டை அழைத்தது எந்தத் துண்டு, அதை அழைத்தது எது என்று அது வரிசையாகச் சொல்ல வேண்டும். அதற்கான குறிப்புகள் புரோகிராமுக்குள்ளேயே இருக்கும். சில சமயம் நடுவில் ஓரிடத்தில் குறிப்பு இருக்காது. அப்போது டீபக்கர் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது சைகலின் வேலை. அந்தப் பகுதியை எழுதியவன் நான்.

செவ்வாய்க்கிழமை முதலாளியின் பேரன் முதல் அடி எடுத்து வைத்ததற்கு வீட்டில் விருந்து. அலுவலகமே மதியம் அங்கேதான். எங்கள் கிர்கிஸ் ஜனங்களில் யாரானாலும் ஏழு தலைமுறைப் பாட்டன் பெயர்களைத் தட்டாமல் சொல்ல வேண்டும். தெரியாதவனை ஆளாகவே மதிக்க மாட்டார்கள். நான் என் ஏழையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, வேண்டுமென்றே அவள் பக்கம் திரும்பினேன்.

“சைகல், நீயும் சொல்லேன். கேப்போம்.”

அவள் வாயிலிருந்த இறைச்சியை மென்று முடித்தாள்.

“அம்மா புருல். அதுக்கு மேல தெரியாது பைகே. அந்த ரொட்டிய இந்தப் பக்கம் தள்ளுங்க.”

முதலாளியின் மனைவி எழுந்து வந்தாள். என் வயதுக்கும் மரியாதைக்கும் உரியதென்று எடுத்து வைத்திருந்த எலும்புத் துண்டை என் கண்ணெதிரிலேயே சைகல் தட்டில் வைத்தாள். நான் கூனிக் குறுகிப் போனேன்.

வியாழக்கிழமை சைகல் என் மேசைக்கு வந்தாள்.

“மிர்லான் பைகே, ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஒண்ண ஒண்ணு கூப்பிடுற மாதிரி மொத்தமே நாலு துண்டு. விழுற இடத்துலேர்ந்து மூணாவதோட குறிப்ப வேணும்னே அழிச்சேன். உங்க டீபக்கர் மூணோட நின்னு, ‘மேல தெரியல’ன்னு சொல்லணும். ஏழு காட்டுது. யாரு இவங்கல்லாம்?”

ஆறு வருஷத்துக்கு முன் நான் எழுதி வைத்த வேலை அது. குறிப்பு தீர்ந்துபோனாலும் ஏழு வரும்வரை நினைவகத்தைத் துழாவு, முகவரி மாதிரி தெரிவதையெல்லாம் எடுத்துப் பட்டியலை நிரப்பு என்று எழுதியிருந்தேன். ஏழுக்குக் குறைந்த பட்டியல் என் கண்ணுக்கு மானக்கேடாகப் பட்டது. ஒரு கிர்கிஸ்காரனைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

“நான் இன்னும் யார்கிட்டயும் மூச்சு விடல. நீங்களே முதலாளிகிட்ட சொல்லிடுங்க.”

“பெரிய மனசுதான் உனக்கு” என்றேன் குத்தலாக.

அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவளுடைய சோதனைக் கோப்பைத் திறந்தேன். சரியான விடை என்று அவள் எழுதியிருந்த மூன்று பெயர்களுக்குக் கீழே அந்தப் போலிப் பெயர்கள் நான்கையும் சேர்த்தேன். ஓட்டிப் பார்த்தேன். சோதனை தேறிவிட்டதென்று பச்சை விழுந்தது. பதவி எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் திரும்பி வந்து கோப்பைப் படித்தாள். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பதினாறு வயசுல பாஸ்போர்ட் எடுக்கப் போனேன் பைகே. அப்பா பேரு கட்டத்துல எதையாவது போட்டுக்கோ, யாரு கேக்கப் போறான்னு கவுன்ட்டர்ல இருந்த அம்மா சொன்னாங்க. அவங்களே நல்லதா ரெண்டு பேரு சொன்னாங்க. நான் வேணாம்னுட்டேன்.”

“ஏன்?”

“என்னிக்காவது அவரு வந்தா, அந்தக் கட்டத்துல வேற எவனோ உக்காந்திருப்பானே.”

எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

நான் அந்த நான்கு பெயர்களையும் அழித்தேன். சிவப்பு விழுந்தது. மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் முதலாளி முன்னால் வைத்து, தப்பு என்னுடையது, கண்டுபிடித்தது சைகல் என்றேன். கோப்பை மாற்றியதையும் சொன்னேன். நல்ல புத்தி வந்து செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பத்து வருஷமாக ஒரு வெறும் கட்டத்தோடு அவளால் இருக்க முடிகிறது, என்னால் ஒரு மத்தியானம் இருக்க முடியாதா என்ற ஆங்காரம்தான்.

வெள்ளிக்கிழமை பதவி அவளுக்குப் போனது. எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.